மரத்தை மொட்டையடித்தால் ஆபத்து நீங்கிவிடுமா?

வாசலில் நிற்கும் மரத்தை வீட்டுக்காரர்கள் இரண்டு வேளைகளில்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒன்று, உதிர்ந்த இலை கால்வாயை அடைக்கும்போது. மற்றொன்று, எங்கோ ஒரு மரம் சாய்ந்த செய்தி வரும்போது.

2017 பிப்ரவரி 11ஆம் நாள் சிங்கப்பூர் பூமலையில் 270 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனக் கருதப்பட்ட தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். 2024 மே 7ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒருவர் மாண்டார், பல வாகனங்கள் நசுங்கின. இப்படியொரு செய்தி வந்தால் போதும், தாமான்களில் இரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. மாமரமும் ரம்புத்தானும் கழுத்தோடு வெட்டப்பட்டு வெறும் கம்பமாக நிற்கின்றன. வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். ஆனால் அந்த நிம்மதி நியாயமானதுதானா?

இதற்கு விடை காண, மரத்தின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதனுக்குக் காயம் பட்டால் அந்த இடத்தில் புதிய தசை வளர்ந்து ஆறிவிடும். மரத்தின் காயமோ அப்படி ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களை இரம்பத்தால் பிளந்து பார்த்து இதை விளக்கினார். காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்புகிறது. அழுகல் பரவாமல் தடுத்துவிட்டு, அதன் மேல் புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. காயம் சிறியதாக இருந்தால் சுவர் தாங்கும். தலையையே வெட்டினால் தாங்குமா?

மொட்டையடித்த மரத்தில் சில வாரங்களில் கொத்துக் கொத்தாகத் தளிர் வரும். "பார், எப்படித் துளிர்த்துவிட்டது!" என்று மகிழ்வோர் உண்டு. உண்மையில் அது பசியால் வரும் துளிர். இலையை இழந்த மரம், சேமித்து வைத்த உணவையெல்லாம் செலவழித்து இலையை மீட்கப் பார்க்கிறது. இந்தக் கிளைகள் மேல்தோலை ஒட்டியே முளைப்பதால் பிடிமானம் குறைவு. அவற்றின் அடியிலோ வெட்டிய இடம் அழுகத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டும்போது, முன்பைவிட ஆபத்தான கிளைகள் கூரைக்கு மேலே தொங்கும். காசு கொடுத்து ஆபத்தை வாங்கிய கதைதான் இது.

அப்படியானால் எப்படி வெட்டுவது? கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அழுகலைத் தடுக்கும் அரண் அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு மழிக்கவும் கூடாது, நீண்ட கட்டை விடவும் கூடாது. கனமான கிளையை மூன்று வெட்டுகளில் எடுப்பதே முறை: முதலில் சற்றுத் தள்ளி அடியில் ஒரு கீறல், பிறகு அதற்கு அப்பால் மேலிருந்து வெட்டிக் கிளையை இறக்குவது, கடைசியில் எஞ்சிய கட்டையைப் புடைப்பின் ஓரத்தில் நீக்குவது. ஒரே வெட்டாக வெட்டினால் கிளையின் பாரம் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் இலையைக் கழிப்பதும் தவறு. வெட்டிய இடத்தில் தாரும் சாயமும் பூசினால் அழுகல் நின்றுவிடும் என்பதும் பழைய நம்பிக்கையே.

வேலிச் செடிக்கும் ஒரு கணக்கு உண்டு. அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்க வேண்டும். உச்சி அகன்றால் கீழே வெயில் படாது, அடி மொட்டையாகிவிடும். நம் நாட்டில் செடி ஆண்டு முழுவதும் வளர்வதால், எப்போதோ ஒருமுறை ஆழ வெட்டுவதைவிட அடிக்கடி கொஞ்சமாகக் கத்தரிப்பதே நல்லது. கத்தரிக்கும் முன் உள்ளே குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

மரம் பசுமையாக இருப்பதாலேயே பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நடுத்தண்டு உளுத்துப் போனாலும் வெளிப்பகுதி உயிரோடு இருந்து இலைக்கு நீர் அனுப்பும். அடியில் காளான், ஒரு பக்கம் மண் எழும்புதல், புதிதாக ஏற்பட்ட சாய்வு, தண்டில் பிளவு ஆகியவை எச்சரிக்கைகள். வாசலுக்கு சிமெண்டு போட வேரை வெட்டிய வீடுகளில் இன்னும் கவனம் தேவை. உணவு தேடும் வேர்கள் ஆழத்தில் அல்ல, மேல்மண்ணில்தான் பெரும்பாலும் பரவியிருக்கின்றன.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வீழ்த்த ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உடனடி ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 0.8 மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை அடி. பல வீட்டு மாமரங்கள் இந்த அளவைத் தாண்டியவையே. சிங்கப்பூரில் தங்ளின், சாங்கி வட்டாரங்களின் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. சாலையோர மரமோ வீட்டுக்காரரின் சொத்தே அல்ல; புகார் கொடுக்கலாம், கத்தி வைக்கக் கூடாது.

ஏணி தேவைப்படும் உயரமும் மின்கம்பி அருகே உள்ள கிளையும் தொழில் தெரிந்தவரின் வேலை. அனைத்துலக மர வளர்ப்பியல் கழகத்தின் சான்றிதழ் இருக்கிறதா, ஏறுபவருக்குக் காப்புறுதி இருக்கிறதா, எந்தக் கிளையை ஏன் எடுக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும். "மேலே எல்லாத்தையும் எடுத்துடலாம், மலிவா முடிச்சிடலாம்" என்பவரையும், உயிரோடு வைக்கப்போகும் மரத்தில் முள் காலணியோடு ஏறுபவரையும் அனுப்பிவிடுவதே நல்லது. காப்புறுதி இல்லாத தொழிலாளி விழுந்தால் தெருவில் நிற்பது அவர் குடும்பம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது மரத்துக்கும் பொருந்தும். கன்றாக இருக்கும்போதே ஒட்டி வளரும் இரட்டைத் தண்டில் ஒன்றை நீக்கினால், சிறு கத்தரியோடு வேலை முடிந்துவிடும். அன்று விட்டதைத்தான் பின்னாளில் பாரந்தூக்கி கொண்டுவந்து செய்ய வேண்டியிருக்கிறது.