உங்களுக்குத் தெரியுமா? பிடி அரிசியில் வளர்ந்த உயர்நிலைப் பள்ளி

விருதுநகர் அப்போது விருதுபட்டி. 1889-இல் அங்கே நாடார் சமூகத்தின் ஊர் அமைப்பான உறவின்முறையார் தொடங்கியதுதான் க்ஷத்திரிய வித்தியாசாலை உயர்நிலைப் பள்ளி. அரசரோ ஜமீன்தாரோ கட்டித் தந்ததல்ல அது. கடைவீதியில் வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு ஏற்ப 'மகமை' செலுத்தி வந்தார்கள். அந்தப் பொது நிதியே பள்ளியின் முதல். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசியைத் திரட்டி, விற்ற பணம் பள்ளிக்குப் போகும். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லித்தர அந்தப் பணம் உதவியது. கோயில் வாசல்கூடத் தனக்குத் திறக்காத காலத்தில், ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் உயர்நிலைக் கல்வியைத் தன் கையாலேயே உண்டாக்கிக்கொண்டது. தமிழகக் கல்வி வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் தரவேண்டும்.

இந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். சிறுவயதில் தந்தையை இழந்த அவர், படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். 1954-இல் முதலமைச்சரானார். மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பிறந்த ஜூலை 15-ஐத் தமிழகப் பள்ளிகள் இன்று கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.