அழிய மறுக்கும் ஃபைல்

விண்டோஸ் கணினியில் ஒரு ஃபைல் அழிய மறுப்பதற்கான காரணங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். வேறொரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கலாம். அழிக்க முயல்பவருக்கு அதற்கான உரிமை இல்லாதிருக்கலாம். ஃபைலின் பெயரே விண்டோஸுக்கு ஒவ்வாததாக இருக்கலாம். அது வைரஸாக இருக்கலாம், அல்லது அது இருக்கும் பென்டிரைவே பழுதாகியிருக்கலாம். எது காரணம் என்பதைத் திரையில் வரும் செய்தி பாதியாவது சொல்லிவிடும். அதைப் படிக்காமல் ‘ட்ரை அகெய்ன்’ பட்டனையே பலர் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

அழித்தல் என்றால் உள்ளே இருப்பதைத் துடைப்பது அல்ல. வட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அட்டவணையில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவை நீக்கி, இந்த இடம் காலி என்று குறித்துவைப்பதே அழிக்கும் வேலை. தவறி அழித்ததைச் சில சமயம் மீட்க முடிவதும் இதனால்தான். ஆனால் பதிவை நீக்கும் முன் விண்டோஸ் ஒன்றைச் சரிபார்க்கிறது: இந்த ஃபைல் யார் கையிலாவது இருக்கிறதா? ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, தான் மூடும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, அதில் எழுதலாமா, அதை அழிக்கலாமா என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. மூன்றாவதற்கு அது சம்மதிக்கவில்லை என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் நேரில் வந்தாலும் அழிக்க முடியாது. சம்மதித்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபைலுக்கு ‘அழியப்போவது’ என்ற முத்திரை விழுந்து, பெயர் மட்டும் பட்டியலில் தெரிந்துகொண்டிருக்கலாம். திறக்கப் போனால் அனுமதி மறுக்கப்படும். கடைசிப் புரோகிராம் அதை மூடியதும் தானாக மறைந்துவிடும்.

லினக்ஸில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அங்கே கதவிலக்கத்தை அழித்துவிட்டு, உள்ளே குடியிருப்பவர் தானாகக் காலி செய்யும்வரை வீட்டை விட்டுவைக்கும் ஏற்பாடு. பெயர் உடனே போய்விடும். உள்ளடக்கம் கடைசிப் புரோகிராம் மூடும்வரை இருக்கும். அதனால் அங்கே தலைகீழான புகார் எழுகிறது: பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் சர்வரில் இடம் கூடவில்லை என்பார்கள். அதில் எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும்.

விண்டோஸில் ஃபைலைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும் புரோகிராம் அல்ல. ஜன்னலை மூடிய பிறகும் வேர்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் தெரியும். வீடியோவைத் தொட்டவுடன் ஓரத்தில் முன்னோட்டம் காட்டும் ‘பிரிவ்யூ பேன்’ அந்த வீடியோவையே பிடித்து வைத்திருக்கும். ஆல்ட் விசையுடன் ‘பி’யை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தால் போதும், ஃபோல்டர் காலியாக இருந்தாலும் அழியாது. ஆன்டிவைரஸ் சோதனை, மேகச் சேமிப்புக்கான ஒத்திசைவு ஆகியவையும் ஃபைலைச் சிறிது நேரம் பிடித்திருக்கும். இவை தானாக விட்டுவிடும், பொறுத்தால் போதும்.

ஆள் யார் என்று கண்டுபிடிக்க இணையத்தில் எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. விண்டோஸிலேயே ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டித் திறந்து, ‘சிபியு’ பக்கத்துக்குப் போனால், கீழே ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்ற பகுதி தெரியும். அதன் தேடல் பெட்டியில் ஃபைல் பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமின் பெயர் வந்து நிற்கும். இன்னும் துல்லியம் வேண்டுவோருக்கு ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ உண்டு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திவந்த சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தின் கருவி அது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அத்தளத்தை வாங்கியது. இந்தக் கருவியில் ஃபைலின் மீதுள்ள பிடியை மட்டும் வலுக்கட்டாயமாக அறுத்துவிடவும் முடியும். அதைச் செய்யாமலிருப்பதே நல்லது. தன் பிடி போனது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. அந்தப் பிடிக்குரிய பழைய எண்ணை நம்பி வேறொரு ஃபைலில் எழுதிவிடக்கூடும். புரோகிராமையே முறையாக மூடுவது பாதுகாப்பு. ‘அன்லாக்’ செய்து தருவதாகச் சொல்லும் இலவசக் கருவிகள் சில, விளம்பர மென்பொருளையும் சேர்த்தே இறக்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அலுவலகப் பொது ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்றால் அதைத் திறந்து வைத்திருப்பவர் வேறொரு மேசையில் இருப்பார். யார் என்பதை சர்வரைப் பார்த்துக்கொள்பவர் சொல்லிவிடுவார்.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ரீஸ்டார்ட். எல்லாப் பிடிகளும் அப்போது விடுபடும். கணினி தொடங்கியதும் அதே புரோகிராம் மீண்டும் ஓடிவந்து பிடித்துக்கொண்டால், அத்தியாவசியமானவற்றை மட்டும் தொடங்கும் ‘சேஃப் மோட்’ உதவும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து அங்கே போகலாம். விண்டோஸே தன் அப்டேட்களின்போது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறது. மாற்ற வேண்டிய ஃபைல் பயன்பாட்டில் இருந்தால் அதன் பெயரை ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியலில் எழுதிவைத்து, அடுத்த முறை கணினி எழும்போது வேறு எதுவும் தொடங்கும் முன் காரியத்தை முடித்துவிடுகிறது. அப்டேட்டுக்குப் பின் ரீஸ்டார்ட் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஃபைலை அழிக்க முடியாது, ஆனால் பெயர் மாற்ற முடியும். பல மென்பொருள்கள் பழைய ஃபைலுக்கு வேறு பெயர் சூட்டி ஓரம்கட்டிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைப்பது இப்படித்தான்.

‘அனுமதி தேவை’ என்ற செய்தி வந்தால் கதை வேறு. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் மாட்டியவர்களுக்கு இது பழகிய செய்தி: ஃபைலின் உரிமையாளராகப் பதிவாகியிருப்பது பழைய கணினியின் பயனர். ஃபைலின் ‘ப்ராபர்ட்டீஸ்’ ஜன்னலில், ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ வழியாக உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி, தனக்கு முழு அனுமதியும் கொடுத்துக்கொண்டால் அழித்துவிடலாம். உரிமையாளர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்று இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். விண்டோஸின் உறுப்புகளை அட்மினிஸ்ட்ரேட்டரிடமிருந்தே காக்க விஸ்டா பதிப்பின் காலத்தில் வந்த ஏற்பாடு அது.

பெயரால் வரும் சிக்கல் அபூர்வம், ஆனால் சுவையானது. விண்டோஸில் ‘சி-ஓ-என்’ என்ற மூன்றெழுத்தில் ஃபோல்டர் உருவாக்க முடியாது. இதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், பில் கேட்ஸாலேயே விளக்க முடியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. விளக்கம் எளிது. விண்டோஸுக்கு முன்னோடியாக 1981-இல் வந்த டாஸில் ஃபோல்டர்களே கிடையாது. விசைப்பலகை, திரை, பிரின்டர் போன்ற சாதனங்களும் ஃபைல்களைப் போலவே சில ஒதுக்கப்பட்ட பெயர்களால் அழைக்கப்பட்டன. ‘கன்சோல்’ என்பதன் சுருக்கம் அந்த மூன்றெழுத்து. 1983-இல் ஃபோல்டர்கள் வந்தபோது, பழைய புரோகிராம்கள் கெடாமலிருக்க அப்பெயர்கள் எல்லா ஃபோல்டர்களிலும் ஒதுக்கியே வைக்கப்பட்டன. லினக்ஸ் வழிவந்த கருவி ஏதாவது இப்படியொரு ஃபைலை உருவாக்கிவிட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரால் அதை அழிக்க இயலாமல் போகலாம். பெயர் புள்ளியிலோ வெற்றிடத்திலோ முடிந்தாலும் இதே கதி. கமாண்ட் பிராம்ப்டில் முழு முகவரிக்கு முன் \\?\ என்ற குறிகளைச் சேர்த்து அழித்தால், பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள் என்று பொருள், வேலை முடிந்துவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முகவரி நீண்டு, 260 எழுத்து என்ற பழைய வரம்பைத் தாண்டினால், மேலே உள்ள ஃபோல்டர்களுக்கு ஓரெழுத்துப் பெயர் சூட்டினாலே போதும்.

அழித்த சில நொடிகளில் மீண்டும் முளைக்கும் ஃபைல் சந்தேகத்துக்குரியது. ஒன்றையொன்று காவல் காக்கும் இரண்டு புரோகிராம்களாக ஓடும் வைரஸ்கள் உண்டு. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன்’ ஸ்கேன் இதற்கு ஏற்றது.

முழு அளவு எஸ்டி மெமரி கார்டு என்றால் முதலில் அதன் ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு ‘லாக்’ பொத்தானைப் பார்க்க வேண்டும். பென்டிரைவில் அழித்தவை, கழற்றி மாட்டியதும் திரும்ப வந்து நின்றால் அதன் ஆயுள் முடிகிறது என்று கொள்ளலாம்: தேய்ந்துபோன சிப் இனி எழுத முடியாது என்று தன்னைப் பூட்டிக்கொள்கிறது. ஃபார்மேட் செய்யப் போராடுவதில் பயனில்லை. படிக்க முடிகிறபோதே வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு, டிரைவை மாற்றிவிட வேண்டியதுதான்.