நோய்க்கும் ஒரு கணக்கு உண்டு

வீட்டில் பால் கணக்கு எழுதுகிறோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடை போட்டு எழுதுகிறார்கள். நோய்க்கு யார் கணக்கு எழுதுகிறார்கள்?

அதற்கும் ஆட்கள் உண்டு. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக வருகிறார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டு எழுதுகிறார். டாக்டர் தாம் பார்த்த நோயை எழுதுகிறார். ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை முடிவை எழுதுகிறார்கள். மூன்று கணக்கும் மாவட்டத்துக்குப் போகின்றன. அங்கிருந்து திருவனந்தபுரம் போகின்றன. பிறகு டில்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகின்றன.

2004-இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வாரம் ஒரு முறை கணக்கு அனுப்பினார்கள். 2021-இல் அன்றன்றே கணினி வழியாக அனுப்பும் முறை நாடு முழுவதும் வந்தது.

எதற்கு இந்தக் கணக்கு? ஊரில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தால், அது ஒரு வீட்டுக் கவலை. ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு வந்தால், குடிதண்ணீரில் கோளாறு இருக்கலாம். உடனே கிணற்றைப் பார்க்க வேண்டும். குளோரின் போட வேண்டும். கணக்கு இருந்தால்தான் இது தெரியும்.

நம் எல்லைப் பகுதியில் என்ன நடக்கிறது?

கம்பம், போடி பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் ஜீப்பில் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் கெட்ட தண்ணீரைக் குடித்து விட்டார். மஞ்சள் காமாலைக் கிருமி உடம்பில் புகுந்தாலும், நோய் வெளியே தெரியச் சில வாரம் ஆகும். அப்போது அவர் கம்பத்தில் வைத்தியம் பார்க்கிறார். நோய் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. கெட்ட தண்ணீரோ இடுக்கியில் இருக்கிறது. அதே தண்ணீரை மற்றவர்களும் குடிக்கிறார்கள்!

பாலக்காட்டு எல்லையிலும் இப்படித்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் காய்ச்சல் வந்தால், சிலர் பொள்ளாச்சிக்குப் போகிறார்கள். சிலர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அந்தக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் வராது. கூலி போய்விடுமே என்று நோயை மறைப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஒரு நாள் கூலி என்றால் ஒரு நாள் அரிசி.

வேலூரில் ஒரு நல்ல வழி கண்டார்கள். 1980-களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் ஜேக்கப் ஜானும் மற்றவர்களும் வட ஆற்காடு மாவட்டத்தில் அதைச் செய்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக் கொண்டார்கள். நோயைக் கண்ட டாக்டர் ஓர் அஞ்சல் அட்டையில் எழுதிப் போட்டால் போதும். வந்த செய்திகளைத் தொகுத்து, எல்லா டாக்டர்களுக்கும் திருப்பி அனுப்பினார்கள். எழுதியது வீண் போகவில்லை என்று தெரிந்ததால், தொடர்ந்து எழுதினார்கள்.

நாம் என்ன செய்யலாம்? எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மூன்று செய்தி சொல்லுவோம். எங்கே குடியிருக்கிறோம்? எங்கே வேலை செய்கிறோம்? எத்தனை நாளாகக் காய்ச்சல்? சீட்டில் நம் பெயரும் ஊரும் சரியாக இருக்கிறதா? இப்போது நாமே படித்துப் பார்க்கலாம். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்கு ஒரே நோய் வந்தால், ஆஷா அக்காவிடம் அன்றே சொல்லுவோம்.

பேசிப் பார்ப்போம்:

போன மழைக்காலத்தில் நம் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது? அதில் எத்தனை கணக்கில் ஏறியிருக்கும்?