கோட்டை அடுப்பு தெரியும் பந்தி

சின்ன வயதில் கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எனக்கு இருப்புக் கொள்ளாது. கொல்லைப்புறத்தில் கோட்டை அடுப்பு எரியும் இடத்துக்குத்தான் கால் தானாக ஓடும். அண்டாவும் ஆவியும் அங்கேதான். “உப்பு போதுமா, பாரு கண்ணு” என்று உள்ளங்கையில் விழும் அந்த ஒரு சொட்டு ரசமும் அங்கேதான். நிரலால் படம் வரையும் ஷேடர்டாய் (Shadertoy) என்ற இணையதளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே குதூகலம்!

இடப்பக்கம் படம் ஓடுகிறது. வலப்பக்கம் அந்தப் படத்தை அந்த நொடியில் உண்டாக்கிக்கொண்டிருக்கும் நிரல், ஒரு வரி மறைக்காமல். படத்துக்குக் கீழே மற்ற நிரலாளர்கள் எழுதிய கருத்துகள். எதையும் நிறுவ வேண்டாம், உலாவி போதும்.

2013-ல் இனிகோ கீலெஸ், போல் ஜெரமியாஸ் இருவரும் இதைத் தொடங்கினார்கள். கீலெஸ், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர். பிக்ஸாரின் ‘பிரேவ்’ படத்தில் வரும் காட்டுப் பாசியைக் கணக்கால் முளைக்க வைத்தவர். அதற்கு முன்பே, நிரலாலேயே படமும் இசையும் செய்து காட்டும் டெமோசீன் என்ற கூட்டத்தில் பேர் வாங்கியிருந்தார். 2009-ல் அவரும் நண்பர்களும் செய்த ‘எலிவேட்டட்’ பார்த்திருக்கிறீர்களா? பனிமலைகளுக்கு மேலே பறக்கும் காட்சி, கூடவே இசை, எல்லாம் சேர்த்து வெறும் 4 கிலோபைட்! அப்படிப்பட்ட வித்தைகள் பெரும்பாலும் இயங்கு கோப்புக்குள் பூட்டிக் கிடக்கும். பார்த்து வாய் பிளப்பதோடு சரி. இந்தத் தளத்தில் பூட்டே கிடையாது.

கீலெஸின் நத்தையைப் பாருங்கள். ஈரம் மினுங்கும் உடல், சுருள் ஓடு, பின்னால் பச்சை. புகைப்படம் என்றே நினைப்பீர்கள். ஆனால் அது நிரல் வரைந்தது.

எப்படி? இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிரல் தனித்தனியாக ஓடி, “நீ என்ன நிறம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. 800-க்கு 450 அளவுள்ள படம் என்றால் 3,60,000 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 2 கோடியே 16 லட்சம் பதில்கள். அதுவும் ஒரே ஒரு நொடியில்!

நத்தை போன்ற படங்களில் அந்தப் பதிலைத் தேடும் வழி இன்னும் அழகு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிர் காட்சிக்குள் கிளம்புகிறது. “பக்கத்தில் இருக்கும் பொருள் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறது. அந்தத் தூரம் மட்டும் நகர்கிறது. மறுபடி கேட்கிறது. தூரம் கிட்டத்தட்ட சுழியமானால் பொருளைத் தொட்டாயிற்று. மின்வெட்டு இரவில் கையை நீட்டிக்கொண்டு சுவரைத் தேடிப் போவோமே, அதேதான். உருண்டை ஒன்று வேண்டுமென்றால் ஒரு வரி போதும்: மையத்திலிருந்து தூரம், கழித்தல் ஆரம்.

இரண்டு உருண்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு தூரங்களில் சிறியதை எடுத்தால் நடுவில் வெட்டுத் தையல் போலக் கோடு விழுந்தது. ‘மென்மையான சிறுமம்’ என்ற சூத்திரத்தைப் போட்டு, அதிலுள்ள ஓர் எண்ணை 0.1-லிருந்து 0.5 ஆக்கி, நிரலை மறுபடி ஓட்ட ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டினேன். சப்பாத்தி மாவு உருண்டைகள் போல இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து ஒட்டிக்கொண்டன. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்!

இனி கருத்துகளுக்கு வருவோம். ‘அருமை’, ‘அற்புதம்’ நிறைய உண்டு, மனசுக்கு இதம்தான். ஆனால் நான் தேடிப் படிப்பது வேறு வகை. “என் கணினியில் வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது” என்று ஒருவர் எழுதுவார். காரணம், படைத்தவர் நிரலில் ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு தராமல் விட்டிருப்பார். ஒரு வரைகலை அட்டை அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும், இன்னொன்றில் நினைவகத்தில் கிடந்த குப்பை எண் வந்து உட்காரும். இல்லையென்றால் எங்கோ ஓர் எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்திருப்பார். தன் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது ஆயுசுக்கும் தெரிய வராது. முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறார், ஒரு வரி திருந்துகிறது, படம் எல்லா ஊரிலும் ஒளிர்கிறது. நூறு பாராட்டைவிட அந்தக் கறுப்புத் திரைக் கடிதம் எனக்குப் பெரிது. “இந்த மூன்று வரியை ஒரே வரியாக்கலாம்” என்று கணக்கைச் சுருக்கித் தருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தனி வணக்கம்.

கனமான படைப்புகளைத் திறந்தால் பழைய மடிக்கணினி திணறும், விசிறி இரையும். பொறுமை வேண்டும். இன்னொன்று: ஆசிரியர் வேறு உரிமம் குறிப்பிடாத படைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மாற்றி வெளியிட்டால் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

இன்று இரவே ஒரு படைப்பைத் திறந்து ஏதாவது ஓர் எண்ணை மாற்றுங்கள். அசலுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் திரையில் மட்டும்தான் மாறும். பிறகு கீழே எழுதும்போது என்ன கணினி, எந்த வரைகலை அட்டை, கண்ணுக்கு என்ன தெரிந்தது, மூன்றையும் எழுதுங்கள். படைத்தவர் அதற்குத்தான் காத்திருக்கிறார்.