தாயா மலைக்கோட்டை

ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா பக்கம் போனால் ரம்ஸ் ஊர் வரை போய் வாருங்கள். பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே தனியாக ஒரு குன்று நிற்கும். உச்சியில் இரண்டு காவல் கோபுரங்களோடு, கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய தாயா கோட்டை. அமீரகத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே மலையுச்சிக் கோட்டை இதுதான் என்கிறார்கள்.

1819 டிசம்பரில் பிரிட்டிஷ் படை ரம்ஸில் இறங்கியது. ஷேக் ஹுசைன் பின் அலி தலைமையில் ஊர் மக்கள் குன்றின் மேல் ஏறிவிட்டார்கள். சுமார் 400 ஆண்கள். அவர்களோடு ஏறக்குறைய அதே அளவு பெண்களும் குழந்தைகளும். மேலே குடிதண்ணீர் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கப் போதிய நிழலும் இல்லை. அப்படியும் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் கப்பலிலிருந்து இரண்டு கனத்த பீரங்கிகளைக் கரைக்கு இழுத்துவந்து சுட்டபோது, இரண்டு மணி நேரத்தில் சுவர் விழுந்தது. அன்று தேதி டிசம்பர் 22.

அடுத்த மாதமே, 1820 ஜனவரியில், வளைகுடா ஷேக்குகளோடு பிரிட்டன் கடல் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தப் படையெடுப்பு குறிவைத்த அல் காசிமி வம்சம்தான் ராஸ் அல் கைமாவையும் ஷார்ஜாவையும் இன்றும் ஆள்கிறது.

கோட்டையைப் புதுப்பித்து, ஏறிப்போகப் படிக்கட்டும் அமைத்திருக்கிறார்கள். மாலை வெயிலில் ஏறுங்கள். ஒரு புறம் கடல், மறுபுறம் ஹஜர் மலை. கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.