9 டன்னா, ஏழரையா?

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதில்லை. சுற்றுவட்டாரக் கடைகளில் ஏசி இரைச்சலும்தான். இங்கே இரண்டு கூடங்களும் அவற்றுக்குப் பொதுவாக ஒரே குளிர்சாதனமும் கொண்ட ஜவுளிக்கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். கணினி கணக்கிட்டுச் சொல்கிறது: கிழக்குக் கூடத்தின் உச்ச வெப்பச் சுமை, காலை 10 மணிக்கு 4 டன். மேற்கில் மாலை 4 மணிக்கு 5 டன். முதலாளி கூட்டிப் பார்த்து 9 டன் கேட்பார். ஆனால் மாலையில் கிழக்குக் கூடத்துக்கு இரண்டரை டன் போதும் என்றால், கட்டடத்தின் உச்சம் ஏழரைதான். (சனியை இழுக்க வேண்டாம்.)

'டன்' இங்கே எடையல்ல. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக உறிஞ்சும் வெப்பத்தின் வேகம், சுமார் 3.5 கிலோவாட். அது வெளியேற்றும் வெப்பமே தவிர, மீட்டரில் ஓடும் மின்சாரமல்ல. மின்சாரம் ஏறக்குறைய அதில் மூன்றிலொரு பங்கு.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே? இந்த ஊரில் இல்லை. பெரிய இயந்திரம் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை வடிக்க அவகாசமிராது. குளிரும், கூடவே கசகசப்பும். அறிக்கையில் ஈரத்துக்கான வெப்பச் சுமை தனிப் பத்தியில் இருக்கும். பலர் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.