பங்குக்கு மேலதிகமாக வந்த பணம் இலாபமாகுமா?

வட்டிக் கடனில் இறங்க விரும்பாத நம் வியாபாரிகள் பலர், தொழில் பெருகும்போது புதிய பங்காளியைச் சேர்த்தே முதல் திரட்டுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அவர் கொண்டுவந்த பணத்தை ஐந்தொகையில் எங்கே எழுதுவது என்பதில்தான் பிறகு மனஸ்தாபம் பிறக்கிறது.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்தில் இரண்டு சகோதரர்கள் 10 இலட்சம் ரூபா முதலிட்டு, தையல் தொழிற்சாலை ஒன்றைக் கம்பனியாகப் பதிகிறார்கள். பங்கொன்று 10 ரூபா, மொத்தம் ஒரு இலட்சம் பங்குகள். சில வருடங்களில் தொழில் பிடித்துவிடுகிறது. மூன்றாமவர் ஒருவர் பங்கொன்றுக்கு 80 ரூபா வீதம் 25,000 பங்குகளை வாங்கி 20 இலட்சம் ரூபா தருகிறார். அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு உரிமை. 10 ரூபாப் பங்குக்கு மேலதிகமாக வந்த 70 ரூபா யாருடையது?

சகோதரர்கள் அதைத் தமது இலாபமாக எண்ணக்கூடும். அது இலாபமல்ல. துணி தைத்து விற்று வந்த பணமல்ல, உரிமையாளர் போட்ட முதல். வருமானக் கூற்றுக்குள் அது நுழையவே கூடாது.

அமெரிக்கக் கம்பனிகள் இதைத் தனி வரியில் காட்டுகின்றன. ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம் 2019 மார்ச்சில் பங்கொன்றை 17 டொலருக்கு விற்றது. அப்பங்கின் முகப்பெறுமதி 0.001 டொலர் மட்டுமே. மீதி ஏறக்குறைய முழுவதும் 'மேலதிகமாகச் செலுத்தப்பட்ட மூலதனம்' என்ற வரிக்குப் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று விற்பனைக்கு வந்த பங்குகளில் கம்பனி புதிதாக வெளியிட்டவை ஒரு பகுதியே. மற்றவை பழைய பங்காளிகள் விற்றவை. அந்தப் பணம் அவர்களின் பைக்குப் போனது, கம்பனியின் மூலதனத்தில் ஒரு சதமும் சேராது. நமது உதாரணத்திலும் மூத்தவர் தன் பங்கை விற்றிருந்தால் ஐந்தொகை அசையாது.

இலங்கையிலும் முன்பு முகப்பெறுமதி வேறு, பங்கு மிகை வேறு என்றே எழுதினார்கள். அந்த முறைப்படி நமது கம்பனியில் பங்கு மூலதனம் 12.5 இலட்சம், பங்கு மிகை 17.5 இலட்சம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் முகப்பெறுமதியையே எடுத்துவிட்டது. இப்போது இரண்டும் சேர்ந்து 'கூறப்பட்ட மூலதனம்' 30 இலட்சம், ஒரே வரி. என் அபிப்பிராயத்தில் சிறு கம்பனிக்கு இதுவே தெளிவானது.

ஹேலா அப்பரல் ஹோல்டிங்ஸ் 2022 ஜனவரியில் கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்டது. அதற்கு முன் பங்கொன்று 15 ரூபா வீதம் ஏறத்தாழ 400 கோடி ரூபா திரட்டியது. பின்னர் சந்தையில் விலை 15 ரூபாவுக்குக் கீழே இறங்கியது. அதனால் கூறப்பட்ட மூலதனம் குறையவில்லை, விலை ஏறியிருந்தாலும் கூடியிராது. கம்பனியின் கைக்கு வந்ததே அங்கே எழுதப்படும்.

இந்தப் பணத்தைத் திருப்பி எடுக்கலாமா? நினைத்தபடி முடியாது. பங்குலாபம் கொடுப்பதற்கு, கொடுத்த பின்னரும் கம்பனி தன் கடன்களை உரிய நேரத்தில் தீர்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். அத்துடன் சொத்துக்களின் பெறுமதி, பொறுப்புகளும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விஞ்சவேண்டும். மூலதனத்தையே குறைப்பதென்றால் விசேட தீர்மானமும் பகிரங்க அறிவித்தலும் தேவை. துணி கடனுக்குத் தந்த மொத்த வியாபாரிக்கு அதுதானே பாதுகாப்பு!

ஆகவே பணம் கைமாறும் நாளிலேயே அது பங்குக்கா, கடனுக்கா என்று எழுத்தில் வையுங்கள். கடனென்றால் பொறுப்புகளின் கீழ் வரும், திருப்பிக் கேட்கலாம். பங்கென்றால் பணிப்பாளர் சபை விலையைத் தீர்மானித்து, அது கம்பனிக்கும் ஏற்கெனவே உள்ள பங்காளிகளுக்கும் நியாயமானது எனத் திருப்திப்பட வேண்டும். மூன்றாமவர் பணத்துக்குப் பதிலாகத் தையல் இயந்திரங்களைக் கொடுத்தாலும் அவற்றின் பெறுமதியைச் சபையே நிர்ணயிக்கவேண்டும். பங்கு வெளியிட்டு 20 வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்கவும் வேண்டும்.